26 சதவீதம்னா நூத்துல 26 பேர் இல்ல

மெனோபாஸுக்கு ஹார்மோன் மாத்திரை எடுத்தா நூத்துல 26 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வரும்னு மேல ஒரு தோழி போட்டிருக்காங்க, நிறைய பேர் ஷேரும் பண்ணிட்டாங்க. அக்கறைல தான் போட்டிருப்பாங்க, ஆனா அந்த 26 வேற கணக்கு தோழி. அது 2002ல அமெரிக்காவுல வந்த விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆய்வுல இருந்து வந்தது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின்னு ரெண்டு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை எடுத்தவங்கள்ல வருஷத்துக்கு 10,000 பேருக்கு 38 பேர், எடுக்காதவங்கள்ல 30 பேர். முப்பது முப்பத்தெட்டானதைத் தான் 26 சதவீதம் கூடுதல்னு சொல்றாங்க, அதாவது பத்தாயிரத்துல 8 பேர் அதிகம். ரிஸ்க்கே இல்லன்னு நான் சொல்லல, இருக்கு, ஆனா நூத்துல 26 இல்லவே இல்ல. அதுல கலந்துக்கிட்டவங்க சராசரி வயசும் 63, நம்மள்ல பலர் ஐம்பதை ஒட்டி தான் இதைப் பத்தி யோசிக்கிறோம், அதனால அந்தக் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தணும்னு இல்ல.

நீங்களே பாக்கலாம், மருத்துவக் கட்டுரைகளைத் தேடற பப்மெட்ங்கற இணையதளத்துல ஆய்வோட பேரையும் 2002ன்னும் போட்டு தேடுங்க, ஜாமாங்கற மருத்துவ இதழ்ல வந்த கட்டுரையோட சுருக்கம் இலவசமாவே இருக்கும், அதுல 1.26ன்னு ஒரு எண் இருக்கும் (அதாவது 1.26 மடங்கு, அதான் அந்த 26 சதவீதம் கூடுதல்), கொஞ்சம் கீழயே பத்தாயிரத்துக்கு 8ன்னும் இருக்கும், ரெண்டையும் சேர்த்துப் படிங்க.

எங்க அக்கா மெனோபாஸ் நேரத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து வியர்வைல நனைஞ்ச நைட்டிய மாத்திட்டு ஃபேனுக்கு அடியில உக்காந்திருப்பாங்க, இந்த மாதிரி ஒரு மெசேஜைப் பாத்து பயந்து டாக்டர்கிட்ட கேக்கவே இல்ல, ரெண்டு வருஷம். மாத்திரை வேணுமா வேணாமான்றது அவங்கவங்க உடம்பு, குடும்பத்துல யாருக்காவது கேன்சர் இருந்துதாங்கறதெல்லாம் பாத்து டாக்டரோட பேசி எடுக்கற முடிவு. தோழி, முடிஞ்சா பதிவுல அந்த எண்ணை மட்டும் திருத்திடுங்க.