சம்பளம்: வாரம் ஒரு டப்பா ஓவல்டின்

இந்தி வானொலி அறிவிப்பாளர் அமீன் சயானியைப் பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் 'அந்தக் காந்தக் குரல்' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். 2024 பிப்ரவரி 20 அன்று மும்பையில் தன் 91ஆவது வயதில் அவர் போனபோது வந்த அஞ்சலிகளிலும் குரல், குரல், குரல். நல்ல குரல்தான், யார் இல்லை என்றது? ஆனால் குரலால் மட்டும் ஒருவரை நாற்பது வருஷம் கேட்க முடியாது. எனக்குத் தெரிந்து அவருடைய சங்கதி வேறு இடத்தில் இருந்தது.

நான் தூத்துக்குடிப் பக்கம். இந்தி எழுத்தைக் கண்டால் தார்ச்சட்டியைத் தேடிய தலைமுறைக்கு அடுத்த தலைமுறை. எங்கள் தெருவில் இந்தி தெரிந்த ஒரே ஆள் என் மாமா. பம்பாயில் மில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். புதன்கிழமை ராத்திரி எட்டு மணி ஆனால் மர்பி ரேடியோ பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, இலங்கை வானொலியின் இந்தி ஒலிபரப்பைச் சிற்றலையில் தேட ஆரம்பித்துவிடுவார். முதலில் கொரகொரவென்று சத்தம், அப்புறம் யாரோ சீனத்தில் பேசுவது மாதிரி ஒன்று, அதைத் தாண்டி மெதுவாக முள்ளை நகர்த்தினால் 'பெஹனோ ஔர் பாயியோ' என்று ஒரு மனுஷன் சிரித்துக்கொண்டே வந்து நிற்பார். அவர்தான் சயானி. நிகழ்ச்சி, பினாகா கீத்மாலா. வாராவாரம் இந்தி சினிமாப் பாட்டுகளை வரிசைப்படுத்திப் போடுவது.

ஒவ்வொரு பாட்டும் எந்த இடத்தில் இருக்கிறது என்பதற்கு அவர் வைத்திருந்த சொல் 'பாய்தான்'. படிக்கட்டு என்று அர்த்தமாம். எங்களுக்கு அது தமிழாகவே விழும். "பாய்தானா? தலகாணி கிடையாதா?" என்று பிள்ளைகள் எல்லாம் உருண்டு சிரிப்போம். அத்தை அடுப்படியிலிருந்து, "எழவு, என்னத்தப் புரிஞ்சு இப்படிக் கேக்கீய?" என்பார். வேடிக்கை என்னவென்றால், நாலைந்து மாதத்தில் எங்களுக்கே புரிய ஆரம்பித்துவிட்டது. எந்தப் பாட்டு ஏறியது, எது இறங்கியது, எது புதுசு, எல்லாம். ஒரு எழுத்து இந்தி படிக்காத பிள்ளைகளுக்கு!

அது எப்படி என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். பதில் சயானியின் அம்மாவிடம் இருக்கிறது.

குல்சும் சயானி முதியோர் கல்விக்காக உழைத்தவர். காந்தியின் தூண்டுதலில் 'ரஹ்பர்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கான பத்திரிகை அது. எளிய இந்துஸ்தானி நடை. தேவநாகரி, உருது, குஜராத்தி என மூன்று எழுத்துகளில் வரும். பையன் அமீன் அந்த வேலையில் அம்மாவுக்குக் கூடமாட இருந்தே வளர்ந்தவர். படிக்கத் தெரியாதவனை மட்டம் தட்டாமல் அவனோடு பேசுவது எப்படி என்பதை அங்கேதான் கற்றிருக்கிறார். மைக் பிறகு வந்தது.

மைக்குக்கு அழைத்துப் போனவர் அண்ணன் ஹமீது சயானி. அவரும் பெரிய ஒலிபரப்பாளர். அவர் கூட்டிப்போய் அகில இந்திய வானொலியின் பம்பாய் நிலையத்தில் தம்பி சின்ன வயதிலேயே ஆங்கில நிகழ்ச்சிகளில் பேசினார். அப்புறம் இந்திக்குக் குரல் தேர்வுக்குப் போனால், வாசிப்பு சரி, உச்சரிப்பில் குஜராத்தியும் ஆங்கிலமும் அடிக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு இதில் கோபமே வராது. அந்த நிராகரிப்புக்கு ஒரு கும்பிடு. எடுத்திருந்தால் இன்னொரு சுத்த இந்தி அறிவிப்பாளர் கிடைத்திருப்பார், அவ்வளவுதான்.

இலங்கை வானொலி நிகழ்ச்சிகள் பல பம்பாயிலேயே ஒலிப்பதிவாகும். நாடா விமானத்தில் கொழும்பு போகும், அங்கிருந்து காற்றில் ஏறும். இலங்கை வானொலி என்றதும் நமக்குத் தமிழ் அறிவிப்பாளர்கள் மயில்வாகனனும் கே.எஸ்.ராஜாவும் அப்துல் ஹமீதும் கண்முன் வருவார்கள். அவர்கள் நிஜமாகவே கொழும்பில் இருந்து பேசியவர்கள். சயானியும் அங்கேதான் இருக்கிறார் என்று மாமாவே நம்பிக்கொண்டிருந்தார். பம்பாயில் அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் கல்லூரிப் பையனாகச் சுற்றிக்கொண்டிருந்த சயானிக்கு முதலில் கிடைத்தது ஓவல்டின் என்ற மால்ட் பானத்துக்கு விளம்பரம் வாசிக்கும் வேலை. கூலி, வாரம் ஒரு சின்ன டப்பா ஓவல்டின். கதையில்லை, அவரே பல பேட்டிகளில் சொன்னதுதான்.

1952ல் பி.வி.கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். சினிமாப் பாட்டு மட்டமான ரசனை என்பது அவர் எண்ணம். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட நின்றே போனது. பக்கத்து நாட்டில் உலகப் போர்க் காலத்தில் நிறுவிய சக்தி வாய்ந்த ஒலிபரப்பி சும்மா இருக்குமா? அந்த வருஷம் டிசம்பர் 3, புதன்கிழமை, கீத்மாலா ஆரம்பம். எழுதுவது, தயாரிப்பது, பேசுவது, வரும் கடிதங்களைப் பார்ப்பது எல்லாம் சேர்த்து வாரம் 25 ரூபாய். அனுபவசாலிகள் யாரும் அந்தக் காசுக்குச் சீந்தவில்லை. இருபது வயதுகூட நிறையாத பையன் தலையில் கட்டினார்கள்.

முதலில் அது ஒரு போட்டிதான். ஏழு பாட்டு போடுவார்கள், அவை வெளியான வருஷப்படி வரிசைப்படுத்தி எழுத வேண்டும், பரிசு 100 ரூபாய். முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதம். ஒரு வருஷத்துக்குள் வாரம் 65,000 ஆனதாம். பிரித்து மாளவில்லை. அதனால்தான் போட்டியை விட்டுவிட்டு, இசைத்தட்டுக் கடைகளின் விற்பனையையும் நேயர்களின் விருப்பத்தையும் வைத்துப் பாட்டுகளைத் தரவரிசைப்படுத்த ஆரம்பித்தார்கள். ஒரு தேசமே வாராவாரம் அடித்துக்கொண்ட அந்தப் பட்டியல், கடித மூட்டைக்குப் பயந்து பிறந்தது.

1957 அக்டோபரில் அரசாங்கம் இறங்கி வந்து, சினிமாப் பாட்டு போடும் விவித் பாரதி வானொலியைத் தொடங்கியது. பிறகு 1989ல் கீத்மாலாவே விவித் பாரதிக்கு வந்து சேர்ந்தது. 2009ல் அவருக்குப் பத்மஸ்ரீயும் வந்தது. உச்சரிப்பு சரியில்லை என்று அனுப்பிய அதே அரசாங்கம்தான்.

இப்போதைய பண்பலைத் தம்பிகளிடம் இதைச் சொன்னால், "நாங்களும் மக்கள் பேசுற மாதிரிதானே பேசுறோம் சார்" என்கிறார்கள். இல்லை தம்பி. வாயில் வந்ததைப் பேசுவது வேறு, கேட்பவனுக்கு எது தடுக்கும் என்று பார்த்துப் பார்த்துக் கல் பொறுக்கிவிட்டுப் பேசுவது வேறு. சயானியின் எளிமை இரண்டாவது வகை. நம் இலங்கைத் தமிழ் அறிவிப்பாளர்களிடமும் அந்தப் பொறுக்கல் இருந்தது. அவர்கள் தமிழ் நம் பேச்சைவிட நல்ல தமிழ். ஆனால் ஒரு டீக்கடையிலும் யாரும் புரியவில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

பழையதெல்லாம் பொன் என்கிற ஆள் இல்லை நான். கீத்மாலாவிலும் அறுவை வாரங்கள் உண்டு. ஒரே பாட்டு மாதக்கணக்கில் உச்சியில் உட்கார்ந்துகொள்ளும். மாமாவே தூங்கிவிழுவார்.

நிகழ்ச்சிக்குக் காசு கொடுத்த பினாகா பற்பசைக்கு எங்கள் வீட்டால் பெரிய லாபமில்லை. பெட்டிக்குள் குட்டிக்குட்டி பிளாஸ்டிக் மிருகம் ஒன்று வரும் என்று தெரிந்து நாங்கள் அழுது புரண்டு ஒரே ஒரு தடவை வாங்க வைத்தோம். ஒட்டகம் வந்தது. பல் தேய்த்தால் எரிகிறது என்று மாமா மறுநாளே பல்பொடிக்குத் திரும்பிவிட்டார். ஒட்டகம் மட்டும் மர்பி ரேடியோ தலையில் ரொம்ப வருஷம் நின்றது.