கனப் போர்வை எல்லா வயதுக்கும் ஏற்றதல்ல

கனப் போர்வை என்பது உள்ளே சிறு மணிகள் போன்றவற்றை நிரப்பி வேண்டுமென்றே கனமாக்கிய போர்வை. அதைப் பற்றி ஒருவர், "கைக்குழந்தை முதல் தாத்தா வரை யாருக்கும் பரிசாகத் தரலாம், போர்வையின் எடை உடல் எடையில் 10 சதவீதம் இருந்தால் போதும்" என்று எழுதியிருக்கிறார். இதில் முதல் பாதி ஆபத்தானது. கனம் வைத்த போர்வை, குழந்தையைச் சுற்றும் துணி எதையும் தூங்கும் கைக்குழந்தையின் மேலோ அருகிலோ வைக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022-இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த 10 சதவீதமெல்லாம் பெரியவர்களுக்கான கடைக்காரக் கணக்கு.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இது தூக்கம் தரும் என்றும் எழுதியிருந்தார். இங்கிலாந்தில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில் தூக்க நேரம் கூடவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அந்தப் போர்வை பிடித்திருந்தது. சரி, பிடித்தால் கொடுங்கள், தூக்க மருந்து மாதிரி நினைக்க வேண்டாம்.

தாத்தா விஷயத்தில் ஒரே கேள்விதான்: அவரே அதைத் தள்ளிவிட்டு எழுந்திருக்க முடியுமா? என் பாட்டிக்கு 6 கிலோவில் ஒன்று வந்தது. நடு இரவில் பாத்ரூம் போக என்னைக் கூப்பிட்டார், போர்வையை நகர்த்த முடியவில்லை. நம் ஊர் வெயிலுக்கு அது வேறு தனிக் கொடுமை. இப்போது அதற்குப் பதில் பாட்டியின் மடியில், இரு கைகளையும் உள்ளே நுழைத்துக்கொள்ளும் குழாய் மாதிரி ஒரு பின்னல் உறை: உள்ளும் புறமும் பித்தான், ஜிப், ரிப்பன். மறதி நோய் உள்ளவர்களின் கைக்கு வேலை தரச் செய்வது. நாள் முழுக்க அந்த ஜிப்பைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறார்.