எலிக்கு மருந்து கேட்டா எலி மருந்தைக் காட்டுறாங்க

மூணாவது கிளினிக். கையில துணி மூடின கூடை, பக்கத்துல ஒன்பது வயசுப் பொண்ணு. "வீட்டுல வளர்க்கிற எலி, மூச்சு இரைக்குது, டாக்டரைப் பாக்கணும்"னு சொல்றேன். வரவேற்புல இருந்தவர் சிரிச்சுக்கிட்டே, "எலி மருந்து கடையிலயே கிடைக்குமே"ங்கிறார். எலி மருந்துன்னா என்னன்னு என் பொண்ணுக்குத் தெரியும். கூடையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வெளியே போய் நின்னுட்டா. நான் அங்கேயே கேட்டிருக்கணும். வாய் வரல. ரெண்டு நாளா அந்த ஆத்திரம் தொண்டையிலயே நிக்குது.

எங்க வீட்டுல ரெண்டு பெண் எலிங்க. பொட்டு, கருப்பி. பிள்ளைங்க கூண்டு கழுவுவாங்க, நானும் வீட்டுக்காரரும் மாத்தி மாத்தித் தீனி, தண்ணி பாப்போம். அதுங்க ஆயுசே ரெண்டு வருஷம், மிஞ்சினா மூணு. "அடுத்த வாரம் பாக்கலாம்"னு நாம சாதாரணமா சொல்ற வாரம் அதுங்களுக்கு எவ்வளவு பெரிசுன்னு யாராவது யோசிக்கிறாங்களா?

முதல் கிளினிக்ல "எங்களுக்கு எலி பாத்துப் பழக்கமில்ல"ன்னு சொன்னாங்க. அது நேர்மை, அதுல எனக்கு வருத்தமே இல்ல. ரெண்டாவது இடத்துலதான் வயிறெரிஞ்சது. பொட்டு மூக்கைச் சுத்திச் சிவப்பா இருந்ததைத் தள்ளி நின்னு பாத்துட்டு, "உள்ளுக்குள்ள ரத்தம் கசியுது, தாங்காது, எலிதானே, விட்டுடுங்க"ன்னு அனுப்பிட்டாங்க. அது ரத்தமே இல்ல! எலிக்குக் கண்ணுக்குப் பின்னால ஒரு சுரப்பி இருக்கு. அதுலேர்ந்து போர்ஃபிரின்ங்கிற சிவப்பு நிறமி கலந்த திரவம் வரும். உடம்புக்கு முடியாதப்பவும் மிரண்டு போனப்பவும் அதிகமா வரும். அதாவது "என்னைக் கவனி"ன்னு அது காட்டுற அடையாளம். எலி வளர்க்கிற வீட்டுல சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்ச விஷயம் இது. தொட்டுக்கூடப் பாக்காம சாவுக்கு நாள் குறிச்சுக் கொடுத்துட்டாங்க.

நாலாவது இடத்துலதான் ஒரு டாக்டர் மேசையில துண்டு விரிச்சு, கிராம் தராசுல நிறுத்து, காதுல கருவியை மாட்டி நெஞ்சைக் கேட்டாங்க. மைக்கோபிளாஸ்மா. வளர்ப்பு எலிங்க பெரும்பாலும் சுமந்துக்கிட்டு இருக்கிற நுண்ணுயிர்தான். கூண்டுல மூத்திர நெடி ஏறினாலோ, பயந்தாலோ, வயசானாலோ நுரையீரலைப் பிடிச்சுக்கும். முழுசாப் போகாது, ஆனா ஆன்டிபயாடிக் கொடுத்து அடக்கி வைக்கலாம். இவ்வளவுதான் விஷயம்! இதுக்குத்தான் அஞ்சு நாள் அலைஞ்சோம், அந்த அஞ்சு நாளும் அது ராத்திரியெல்லாம் கர்கர்னு இழுத்துக்கிட்டுக் கிடந்துச்சு.

போன வருஷம் கருப்பிக்கு மார்ல கட்டி வந்தப்பவும் இதே கதைதான். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரியிலேர்ந்து பட்டினி போடச் சொன்னாங்க. எலியால வாந்தியே எடுக்க முடியாதுங்க. மயக்கத்துல வாந்தி வந்துடக் கூடாதுன்னு நாய்க்கும் பூனைக்கும் சொல்றதை அப்படியே இதுக்கும் சொன்னா, அந்தச் சின்ன உடம்பு ராத்திரி முழுக்கப் பட்டினியைத் தாங்குமா? நல்லவேளை, முன்னாடியே படிச்சு வெச்சிருந்ததால மல்லுக்கு நின்னேன்.

வீட்டுக்கு வர்றவங்க இன்னொரு பக்கம். "சாக்கடை எலியையா பிள்ளைங்க கையில கொடுத்திருக்கீங்க, பிளேக் வரும்!" வளர்ப்பு எலி நேத்து சாக்கடையிலேர்ந்து பிடிச்சுட்டு வந்ததில்ல. 1901-லேயே இங்கிலாந்துல அய்ல்ஸ்பரி கண்காட்சியில மேரி டக்ளஸ்ங்கிற அம்மா எலிகளைப் போட்டிக்கு வெச்சிருக்காங்க. அத்தனை தலைமுறையா மனுஷன் கையில வளர்ந்தது. ஆபத்தே இல்லைன்னு நான் சொல்லல. எலிக்கடிக் காய்ச்சல்னு ஒண்ணு நிஜமாவே இருக்கு. அதனாலதான் எங்க வீட்டுல எலியைத் தொட்டா கை கழுவாம எதையும் தொடக் கூடாது, முகத்துக்கிட்ட கொண்டு போகக் கூடாது. கேட்டா சொல்லுவேன். யாரும் கேக்கறதில்ல, மூக்கைப் பொத்திக்கிறாங்க.

இதுல அத்தை ஒருத்தங்க, பொட்டு போயிட்டா கருப்பியைத் தனியாவே விட்டுடச் சொல்றாங்க. "எலி வளையானாலும் தனி வளை வேணும்னு சும்மாவா சொன்னாங்க?" அத்தை, அது மனுஷனுக்குச் சொன்ன பழமொழி. எலி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப் படுத்துத்தான் தூங்கும். தனியா விட்டா சுணங்கிப் போயிடும். 2011-ல சிகாகோ பல்கலைக்கழகத்துல ஒரு எலியைக் குழாய்க்குள்ள அடைச்சு, இன்னொண்ணை வெளியே விட்டுப் பாத்திருக்காங்க. வெளியே இருந்தது கதவைத் திறக்கக் கத்துக்கிட்டு, கூட்டாளியை விடுவிச்சிருக்கு. பக்கத்துலயே சாக்லேட் வெச்சப்பவும் பெரும்பாலும் கதவைத் திறந்துவிட்டு, அதுல பங்கும் கொடுத்திருக்கு. கிச்சுகிச்சு மூட்டினா நம்ம காதுக்கு எட்டாத குரல்ல சத்தம் போடுதுன்னு யாக் பாங்க்செப்னு ஒரு மூளை விஞ்ஞானி ஆய்வே பண்ணியிருக்கார். என் பொண்ணு தினமும் மூட்டுவா. கையை எடுத்தா பொட்டு துரத்திக்கிட்டு வந்து விரலைப் பிடிக்கும்.

நேத்து ராத்திரி எட்டு மணி. பொட்டுவை நான் துண்டுல சுத்திப் பிடிச்சிருக்கேன், பொண்ணு ஊசியில்லாத சிரிஞ்சுல மருந்தை எடுத்துச் சொட்டு சொட்டா வாயில விட்டுக்கிட்டு இருக்கா. போன் ஸ்பீக்கர்ல. அவ சித்தப்பா சொல்றார்: "எதுக்கு இவ்வளவு பாடு? எலிதானே, போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம்."

அவ சிரிஞ்சைக் கீழே வைக்கல. குனிஞ்சபடியே கேட்டா, "அந்த எலி யாருன்னு கருப்பிக்குத் தெரியாதே, சித்தப்பா?"

பதில் வரல. கொஞ்ச நேரம் கழிச்சு "சரி, அப்புறம் பேசறேன்"னு வெச்சுட்டார்.