முன்கதைக்கு ஒரு பக்கம் போதுமுங்க

தொடர் நாவல் எழுதுகிறவர்கள் மேல் எனக்கு ஒரே ஒரு கோபம், அதை இன்றைக்குக் கொட்டியே ஆக வேண்டும். சார்லெய்ன் ஹாரிஸ் எழுதிய சூக்கி ஸ்டாக்ஹவுஸ் கதைகளை ஒன்று முடித்த கையோடு அடுத்தது என்று வரிசையாகப் படிக்கிறேன். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர், மதுக்கடையில் பரிமாறும் பெண், மற்றவர் மனசில் ஓடுவது அவளுக்குக் கேட்கும், ரத்தக்காட்டேரி மீது காதல், நடுநடுவே நல்ல சிரிப்பு. எனக்கு ரொம்பப் பிடித்த கதை. ஆனால் ஒவ்வொரு புத்தகத்திலும் இதையெல்லாம் முதலில் இருந்து சொன்னால் எப்படிங்க? ஜப்பான்காரர்கள் செயற்கை ரத்தம் செய்த பிறகுதான் காட்டேரிகள் வெளியே வந்தன என்பது எனக்கு மனப்பாடம்!

2001 முதல் 2013 வரை வருசத்துக்கு ஒன்றாக 13 நாவல்கள். அன்றைக்குக் காத்திருந்து வாங்கினவர்களுக்கு நினைவூட்டல் தேவைதான், சரி. ஈரோட்டில் ஒன்றை முடித்து, ரயில் திருப்பூர் தாண்டுவதற்குள் அடுத்ததைத் திறக்கிற எனக்கு எதற்கு?

நம்ம வார இதழ்களில் தொடர்கதைக்கு மேலே கட்டம் போட்டு 'முன்கதைச் சுருக்கம்' தருவார்கள், வேண்டியவர் படிப்பார், வேண்டாதவர் தாண்டிப் போவார். அப்படி ஒரு பக்கம் ஒதுக்கினால் என்னவாம்? அதைக் கொண்டுபோய் காதல் காட்சிக்கு நடுவிலா சொருகுவது? எங்க அக்கா, "நாலு பக்கம் தள்ளிட்டுப் படி அம்மிணி" என்கிறாள். தள்ளின பக்கத்தில்தான் புது ஆள் ஒருவன் கதைக்குள் வந்து நிற்கிறான், அப்புறம் அவன் யாரென்று தேடித் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது.