அது டெல்லி ஐஐடி வளாகம் இல்லை

'3 இடியட்ஸ்' படத்தில் வரும் கல்லூரி டெல்லி ஐஐடிதான், அங்கேயேதான் படம்பிடித்தார்கள் என்று ஒரு நண்பர் தன் பதிவில் எழுதியிருக்கிறார். அதைப் பலர் பகிர்ந்தும் இருக்கிறார்கள். தகவலில் ஒரு சின்னத் திருத்தம்: படத்தில் வரும் 'இம்பீரியல் காலேஜ் ஆஃப் இன்ஜினியரிங்' கற்பனைக் கல்லூரி. அந்த வளாகக் காட்சிகள் எடுக்கப்பட்ட இடம் பெங்களூரு ஐஐஎம் (இந்திய மேலாண்மைக் கழகம்).

குழப்பம் வருவது இயல்புதான். படத்துக்கு அடிப்படையான சேத்தன் பகத்தின் 2004 நாவல் டெல்லி ஐஐடியில் நடக்கிறது. படத்திலும் கல்லூரி இருப்பது டெல்லியில்தான். நாவலைப் படித்தவர்களுக்கு இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும்.

நீங்களே சரிபார்க்கலாம். கூகுள் மேப்ஸில் பன்னேர்கட்டா சாலையில் உள்ள ஐஐஎம் வளாகத்தைத் தேடி, அங்கே பார்வையாளர்கள் போட்டிருக்கும் படங்களைப் பாருங்கள். பூசாத சாம்பல் நிறக் கல் சுவர்கள், வெயிலும் நிழலும் கோடு கோடாக விழும் நீண்ட நடைபாதைகள், சுவரெங்கும் கொடிகள். கட்டிடக்கலைஞர் பி.வி. தோஷி வடிவமைத்த வளாகம் அது (2018இல் கட்டிடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு பெற்றாரே, அவர்தான்). அப்புறம் படத்தை ஓடவிட்டு, வளாகத்துக்குள் நடக்கும் ஏதாவது ஒரு காட்சியில் நிறுத்தி ஒப்பிட்டுப் பாருங்கள். அதே கல், அதே நடைபாதை. டெல்லி ஐஐடியின் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். அங்கே முதன்மைக் கட்டிடமே உயரமான பலமாடிக் கட்டிடம்.

பதிவில் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றினால் போதும்.