மாமா ஆப் செய்யப் போறார்

மாமா: மாப்ளே, என்கிட்ட புத்தகம் வாங்கிட்டுப் போனவங்களைக் குறிச்சு வைக்க ஒரு ஆப் வேணும். ஆள் வெச்சுச் செய்யட்டுமா, நானே கத்துக்கட்டுமா?

மாப்ளே: அதுல என்னென்ன வேணும்?

மாமா: பேரு, புத்தகம், தேதி. கெடு தாண்டினா மணி அடிக்கணும்.

மாப்ளே: அப்போ ஆப் செய்யற கருவியான ஃப்ளட்டரைக் கத்துக்கிட்டு நீங்களே செஞ்சுடலாம். மூணு திரைதான். தகவலெல்லாம் போனுக்குள்ளேயே எஸ்க்யூலைட்ங்கற சின்னத் தரவுத்தளத்துல இருக்கும். மணிக்கு மட்டும் அனுமதி கேட்கணும், ஆண்ட்ராய்டு 13ல இருந்து அது கட்டாயம்.

மாமா: கூட ஒரு லாகின் மட்டும் வெச்சுடலாம். வாங்கினவனும் உள்ளே வந்து பார்த்து வெட்கப்படட்டும்.

மாப்ளே: அந்த 'மட்டும்'தான் பட்ஜெட்டை முழுங்கும், மாமா. லாகின்னா சர்வர் வேணும். பாஸ்வேர்டு மறந்தா மாத்தவும் வழி வேணும். கணக்கு தொடங்கவிட்டா, ஆப்புக்குள்ளேயே அதை அழிக்கவும் வழி வைக்கணும். கூகுள், ஆப்பிள் ரெண்டுலயும் அது விதி.

மாமா: கடன்காரன் கணக்கை அழிச்சுட்டுப் போயிடுவானே!

மாப்ளே: விதிப்படியே போவான்.

மாமா: லாகினே வேண்டாம். இன்னிக்கே ஆரம்பிக்கறேன்.

மாப்ளே: லேப்டாப்ல ரேம் எவ்வளவு?

மாமா: 4 ஜிபி.

மாப்ளே: ஆப் எழுதற மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்குக் குறைஞ்சது 8 வேணும். லேப்டாப்லயே போன் மாதிரி ஓடற எமுலேட்டரும் வேணும்னா 16. ரேமைக் கூட்டிட்டு, எமுலேட்டருக்குப் பதிலா உங்க போனையே கேபிள்ல மாட்டுங்க. செட்டிங்ஸ்ல பில்ட் நம்பரை 7 தடவை தட்டினா டெவலப்பர் மெனு திறக்கும். அதுல யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் பண்ணணும், அப்போதான் கேபிள் வழியா ஆப்பைப் போன்ல ஓட்டிப் பார்க்கலாம்.

மாமா: புத்தகம் கேட்டுப் போன வீட்டுலகூட நான் 7 தடவை தட்டினதில்லையே!

மாப்ளே: எழுதினதை ஆப்பாக் கட்டித் தர்ற கருவி கிரேடில். முதல் நாளே அந்த வேலை பாதியில நின்னு, திரை பூரா சிவப்பாகும். பயப்படாதீங்க. பல நேரம் ஜாவா பதிப்பும் கிரேடில் பதிப்பும் ஒத்துப்போகாததுதான் காரணம். எல்லாத்தையும் படிக்காம 'வாட் வென்ட் ராங்'ங்கற வரியைத் தேடுங்க. விஷயம் அதுக்குக் கீழேதான் இருக்கும்.

மாமா: பேசாம ஆளே வெச்சுடறேன். ஒருத்தர் எல்லாத்தையும் தன் பேர்லயே போட்டுத் தர்றேங்கறார். தங்கமான மனுஷன்.

மாப்ளே: தங்கமாவே இருக்கட்டும். பிளே ஸ்டோர்ல ஆப் வெளியிடற பிளே கன்சோல் கணக்கு உங்க பேர்ல இருக்கணும். 25 டாலர், ஒரே தடவை. ஆப்பிள்னா 99, வருஷா வருஷம். ஆப்போட கோடு, அதாவது நிரல், இருக்கற கிட் கணக்கும், ஆப் உங்களுதுன்னு காட்டற கையெழுத்துச் சாவிக் கோப்பும், அதோட பாஸ்வேர்டும் உங்க கைக்கு வரணும். ஒவ்வொரு திரையும் உங்க போன்ல ஓடினப்புறம் அதுக்குரிய பணத்தைக் குடுங்க. வருஷா வருஷம் புது ஆண்ட்ராய்டுக்கு ஏத்தபடி ஆப்பை மாத்தற, அதாவது டார்கெட் ஏபிஐயை ஏத்தற வேலையும் வரும். எல்லாம் அவர்கிட்ட இருந்தா, அப்போ யார் பின்னாடி அலைவீங்க?

மாமா: புத்தகத்துக்கு அலையறது போதாதுன்னு கோடுக்குமா? நானே செய்யறேன். முடிஞ்சதும் பிளே ஸ்டோர்ல போட்டுடலாம்ல?

மாப்ளே: உங்களுக்கு மட்டும்னா ஆப்போட நிறுவல் கோப்பான ஏபிகேவை நேரா போன்ல ஏத்திக்கலாமே.

மாமா: புத்தகம் குடுத்து ஏமாந்தவன் நான் ஒருத்தன்தானா?

மாப்ளே: அப்போ சரி. ஆனா புதுத் தனிநபர் கணக்குன்னா உடனே வெளியிட விட மாட்டாங்க. அழைச்சவங்க மட்டும் சோதிச்சுப் பார்க்கற குளோஸ்டு டெஸ்டிங்ல 12 பேர் சேர்ந்து, தொடர்ந்து 14 நாள் விலகாம இருக்கணும். எடுத்ததை விடாம வெச்சிருக்கற 12 பேருக்கு எங்க போவீங்க?

மாமா: ஆப்ல முதல்ல ஏத்தப்போற பட்டியலே அதுதான்டா! புத்தகத்தையே 6 வருஷமா விடாம வெச்சிருக்காங்க.