ராடிக் என்றால் ஒரு விரலைக் காட்டுகிறவர்களுக்கு

அமெரிக்க டென்னிஸ் வீரர் ஆண்டி ராடிக் பேச்சை எடுத்தாலே, "சர்வீஸ் மட்டும் போடுவாரே, அவரா?" என்று கேட்டுவிட்டு ஒரு விரலைக் காட்டுவார்கள். மொத்தமே ஒரு கிராண்ட்ஸ்லாம், அதாவது டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளில் ஒரே ஒரு பட்டம் என்று அர்த்தம். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

சரி, கணக்குப்படி ஒன்றுதான். 2003 அமெரிக்க ஓபன். அந்த வருஷத்தை நம்பர் 1 ஆக முடித்தபோது வயது 21. அதற்கப்புறம் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிகள் ஆடினார். நான்கிலும் வலைக்கு அந்தப்பக்கம் நின்று ஜெயித்தவர் சுவிட்சர்லாந்தின் ரோஜர் ஃபெடரர். பத்து வருஷம் முன்போ பின்போ பிறந்திருக்கலாம், பாவம்.

2009 விம்பிள்டன் இறுதியை டிவியில் பார்த்தவர்கள் யாரும் அந்த விரலைக் காட்ட மாட்டார்கள். முதல் செட் ராடிக்குக்கு. இரண்டாவது 6-6 ஆகி, செட்டை முடிவுசெய்யும் டைபிரேக்கருக்குப் போனது. அதில் 6-2 முன்னிலை, கையில் நான்கு செட் பாயிண்ட், அதாவது இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் செட் அவருக்கு. மூன்று போனது. நான்காவதில் வலையருகே வந்துவிட்டார். பேக்ஹேண்ட் பக்கம் தோளுக்கு மேலே வந்த பந்து, எதிரே காலி இடம். பந்து தரையில் படுமுன்பே வாலி அடித்தார், கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. இன்றைக்கும் அந்தக் காட்சி வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அதோடு நொறுங்கிப் போயிருந்தால் நியாயம். ஆனால் ஐந்தாவது செட்டை 16-14 வரை இழுத்தார். தான் சர்வீஸ் போட்ட கேம்களில் தொடர்ந்து 37-ஐ ஜெயித்தவர் 38-வதை விட்டார், ஆட்டமே முடிந்தது. அவர் ஃபெடரரின் சர்வீஸை இரண்டு முறை முறித்தார் (ஃபெடரர் சர்வீஸ் போட்ட கேமை ஜெயித்தார்), தன்னுடையதை ஒரே ஒரு முறை இழந்தார். தோற்றவர் அவர்! முன்னாள் அமெரிக்க வீரர் பீட் சாம்ப்ராஸின் 14 கிராண்ட்ஸ்லாம் சாதனையை ஃபெடரர் அன்று உடைத்தார். அரங்கில் உட்கார்ந்திருந்த சாம்ப்ராஸிடம், தடுக்க முயன்றேன், முடியவில்லை என்று மன்னிப்புக் கேட்டார் ராடிக். அந்த நிலையிலும் நக்கல் குறையவில்லை மனிதருக்கு.

மணிக்கு 249 கிலோமீட்டர் சர்வீஸைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது 2005 ரோம். எதிரே ஸ்பெயின் வீரர் வெர்டாஸ்கோ, ராடிக்குக்கு மேட்ச் பாயிண்ட், இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி. வெர்டாஸ்கோவின் இரண்டாவது சர்வீஸ் வெளியே என்று கோட்டு நடுவர் கத்திவிட்டார். இரண்டு சர்வீஸும் தவறினால் புள்ளி எதிராளிக்கு, அதனால் ஆட்டம் முடிந்த மாதிரிதான். ராடிக் களிமண்ணில் பதிந்த தடத்தைக் காட்டி, பந்து உள்ளேதான் விழுந்தது என்றார். புள்ளி வெர்டாஸ்கோவுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் அந்த செட்டும், பிறகு ஆட்டமும் அவருக்கே போயின.